சணப்பும் கஞ்சாவும்

சணல், சணப்பு, கஞ்சா என்னும் மூன்றையும் ஒன்றோடொன்று குழப்பிப் பேசுவது நம் பகுதியில் இன்றும் காணக்கூடியதாக இருக்கிறது. இக்குழப்பத்திற்கு நம்மவர் மட்டும் காரணரல்லர். ஆங்கிலேயர் 'ஹெம்ப்' என்ற ஒரே சொல்லால் பல நார்ச்செடிகளைக் குறித்து வந்தனர். அவர்கள் வணிகத்தில் 'இந்தியன் ஹெம்ப்' என்றால் சில வேளைகளில் சணப்பு. சர்க்கார் ஏடுகளில் அதே சொல் கஞ்சா. பெயர் ஒன்றாயினும் செடி வேறு, குணம் வேறு, சட்டத்தின் பார்வை முற்றிலும் வேறு. பயிராளரும் நெசவாளரும் ஒருங்கே படிக்கும் இவ்விதழில் இவ்வேற்றுமையை முதலில் விளக்கிவிட்டு, பின்னர்க் கஞ்சாவைப் பற்றி அங்கத்தினர்கள் அறிந்துகொள்ள வேண்டியவற்றைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தாமிரபரணிப் பாசனத்தில் நெல் நடும் அங்கத்தினர்கள் பசுந்தாள் உரத்திற்காக விதைப்பது சணப்பு. தக்கைப்பூண்டு, கொளிஞ்சி ஆகியவற்றைப் போல இதுவும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. வேரிலுள்ள முடிச்சுக்களில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து வைப்பதால்தான், விதைத்த 45 முதல் 60 நாட்களுக்குள், பூக்கும் பருவத்தில் இதை மடக்கி உழுகின்றோம். இலை தனித்தனியாக, நீண்டு குறுகியிருக்கும்; பூ மஞ்சள் நிறம்; காய் முற்றினால் உள்ளேயுள்ள விதை கிலுகிலுவென்று ஒலிக்கும். நெசவாளர்கள் அறிந்த கோணிச் சணலோ இதுவுமன்று, கஞ்சாவுமன்று; அது வங்காளத்தில் மிகுதியாக விளையும் மற்றொரு செடி. இவை இரண்டிலும் போதை தரும் பொருள் இல்லை. இவற்றைப் பயிரிட எவரிடமும் அனுமதி பெற வேண்டுவதுமில்லை.

உண்மையில் ஐயத்திற்கு இடம் தருவது புளிச்சைச் செடியேயாகும். புளிச்சையின் இலை விரல் விரித்தாற்போல் பிளவுபட்டிருப்பதால், தூரத்திலிருந்து பார்ப்பவருக்குக் கஞ்சாவோ என்று தோன்றும். தாவர நூலார் அதற்கு இட்ட பெயரிலேயே கஞ்சாவின் சாயல் இருக்கிறது. அம்பாசமுத்திரம் பக்கத்துப் பயிராளர் ஒருவர் ஒரு நாள் சங்கத் தணிக்கையின்போது என்னிடம் வந்து, "ஸார், வரப்போரம் புளிச்சை போட்டிருக்கேன்; ஒரு பையன் படம் பிடிச்சிட்டுப் போறான். நாளைக்குக் கேஸ் கீஸ்னு வந்திருமோ?" என்று கலங்கினார். "பூவைப் பாருங்கள் அண்ணாச்சி, மஞ்சள் இதழும் நடுவில் கருஞ்சிவப்பும் இருந்தால் அது புளிச்சை" என்றேன். கஞ்சாவில் அத்தகைய அழகிய பூ கிடையாது. அதன் ஒவ்வோர் இலையும் ஒரே காம்பிலிருந்து ஐந்தாகவோ ஏழாகவோ தனித்தனிச் சிற்றிலைகளாகப் பிரிந்து, ஓரமெல்லாம் இரம்பப் பல் போன்றிருக்கும். ஆண் செடியும் பெண் செடியும் பெரும்பாலும் வெவ்வேறு. பெண் செடியின் பூங்கொத்தில் பிசின் கசியும். கடுமையான வாசனை வீசும். அப்பூங்கொத்தை உலர்த்தியதே கஞ்சா. பிசினைத் தனியே பிரித்தெடுத்தது சரஸ். இலை பாங்கு எனப்படும்.

கஞ்சாச் செடியின் தண்டிலும் நல்ல நார் உண்டென்பதை நெசவாளர் அறிதல் நலம். போதைப் பொருள் மிகக் குறைந்த இனங்களை நாருக்காகப் பல நாடுகளில் பயிரிடுகின்றனர். நம் நாட்டில் உத்தரகண்ட மாநிலம் 2018-இல் இதற்கு உரிமம் வழங்கத் தொடங்கியது. நார்க்கென்றும் விதைக்கென்றும் பயிரிட அனுமதி அளிக்கும் அதிகாரம் சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி சர்க்காருக்கு உரியது. அனுமதி பெற்ற இடத்திலிருந்து வரும் நூலை வாங்கித் தறியில் ஏற்றுவது குற்றமன்று. ஆயினும் அத்தகைய நூலை வாங்கும் சங்கங்கள் பில்லைப் பத்திரப்படுத்தி வைத்தல் வேண்டும். உரிமமின்றி ஒரே ஒரு செடியை வளர்ப்பதும், "நாருக்காகத்தான் வளர்த்தேன்" என்று சொல்வதும் செல்லாது.

இனி, கஞ்சா உடலில் என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். அதன் பூங்கொத்திலுள்ள டெட்ரா ஹைட்ரோ கன்னாபினால் என்ற பொருளே போதைக்கு முதற் காரணம். இதை 1964-ஆம் ஆண்டில் இஸ்ரேல் நாட்டு விஞ்ஞானிகளான மெக்கூலம், கவோனி ஆகிய இருவரும் பிரித்தெடுத்து அதன் அமைப்பைக் கண்டறிந்தனர். நம் மூளையின் உயிரணுக்களில் இப்பொருள் வந்து பொருந்தத்தக்க பூட்டுக்கள் போன்ற அமைப்புக்கள் இருக்கின்றன. கஞ்சாவுக்காக இயற்கை அவற்றைப் படைக்கவில்லை. உடலே சிறிதளவு சுரக்கும் வேறொரு பொருளுக்காக அவை அமைந்தவை. அப்பொருளை 1992-இல் கண்டறிந்தவர்கள் அதற்கு வடமொழியிலுள்ள ஆனந்தம் என்ற சொல்லைக் கொண்டே பெயரிட்டனர் என்பது சுவையான செய்தி. நினைவு, உடலசைவின் ஒழுங்கு, காலவுணர்ச்சி, பசி ஆகியவற்றை ஆளும் மூளைப் பகுதிகளில் இப்பூட்டுக்கள் நிறைய உள்ளன. எனவே கஞ்சாவின் விளைவுகளும் அங்கேயே தோன்றுகின்றன.

புகையாக இழுத்தால் சில நிமிடங்களிலேயே போதை ஏறி, இரண்டு முதல் நான்கு மணி நேரம் நிற்கும். கண் சிவக்கும், வாய் உலரும், நாடி விரையும், பசி மிகும். சிறிது நேரம் சென்றதே நெடுநேரம் சென்றதாகத் தோன்றும். சற்று முன் கேட்டது மனத்தில் தங்காது. சிலருக்குக் களிப்பும் சிரிப்பும். சிலருக்கோ காரணமற்ற அச்சமும் ஐயமும். உண்டால் நிலைமை வேறு. அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை ஒன்றும் தெரியாது. "இன்னும் ஏறவில்லையே" என்று மேலும் உண்பவர் பின்பு தம் நிலை இழந்து, ஆறு மணி நேரத்திற்கு மேலும் தவிப்பர். தின்பண்டத்தில் கலந்து விற்கப்படுவதை விளையாட்டாக உண்ணும் சிறுவர்கள் ஆஸ்பத்திரிக்கு வருவது பெரும்பாலும் இவ்விதமே.

களைப்பைப் போக்கும், இரவு முழுவதும் தறியில் இருக்கச் செய்யும் என்ற நம்பிக்கை பழமையானது. களைப்பு போவதில்லை, களைப்பை உணரும் உணர்ச்சிதான் மங்குகிறது. குழித்தறியில் மிதியும் நாடாவும் ஒத்து ஓட வேண்டும். பாவில் அறுந்த இழையை உடனே கண்டு, உரிய விழுதில் கோத்து, அச்சில் இழுக்க வேண்டும். கண்ணும் கையும் காலும் நினைவும் ஒருங்கே வேலை செய்யும் இத்தொழிலுக்கு மேற்கூறிய விளைவுகளில் எது உதவும்? விசைத்தறியிலும் டிராக்டரிலும் கதிரடிக்கும் இயந்திரத்திலும் வேலை செய்வோருக்கு இது துணி கெடுவதோடு நிற்காது. விரலோ கையோ போகும் காரியம். போதை தெளிந்துவிட்டதாகத் தாமே எண்ணும் நேரத்திலும் கையின் வேகம் முழுதும் திரும்பியிராது.

கஞ்சாவின் தீமையைக் கூறுவோர் சிலர் மிகைபடக் கூறுகின்றனர். அதனால் இளைஞர் எதையும் நம்புவதில்லை. உண்மையை அளந்தே கூற வேண்டும். கஞ்சாவை மட்டும் உட்கொண்டு, அதன் நஞ்சினாலேயே வயது வந்தவர் இறப்பது மிக மிக அரிது. ஒரு முறை புகைத்தவர் எல்லோரும் அடிமையாவதில்லை. ஏறத்தாழப் பத்தில் ஒருவர் அடிமையாகிறார் என்றும், பதின்பருவத்தில் தொடங்கியவர்களில் ஆறில் ஒருவர் என்றும் அமெரிக்க ஆராய்ச்சிகள் கணித்துள்ளன. அடிமையானவர் நிறுத்தினால் உறக்கமின்மை, எரிச்சல், பசியின்மை, அமைதியின்மை ஆகியவை முதல் வாரத்தில் மிகுந்து, பெரும்பாலும் இரண்டு வாரங்களில் தணியும். புகையிலையோடு கலந்து புகைப்பவரை, கஞ்சாவை விட்ட பின்னும் புகையிலை விடாது.

பெரிய அபாயம் மனநோயே. ஸ்வீடன் நாட்டில் 1969-70-இல் இராணுவப் பயிற்சிக்கு அழைக்கப்பட்ட ஏறத்தாழ 45,000 இளைஞர்களைப் பதினைந்து ஆண்டுகள் கவனித்து, 1987-இல் ஓர் ஆராய்ச்சி வெளியிடப்பட்டது. ஐம்பது முறைக்கு மேல் கஞ்சா பயன்படுத்தியிருந்தவர்களிடம், தொடாதவர்களைக் காட்டிலும் மனச்சிதைவு நோய் ஆறு மடங்கு காணப்பட்டது. கஞ்சா ஒன்றே அந்நோய்க்குக் காரணமென்று மருத்துவர்கள் கூறுவதில்லை. குடும்பத்தில் மனநோய் உள்ளவர்களுக்கும், மூளை வளர்ந்து முற்றாத இளவயதினருக்கும் ஆபத்து அதிகம் என்பதில் கருத்து வேறுபாடு குறைவு. மூளை வளர்ச்சி இருபத்தைந்து வயது வரை நடைபெறுகிறது. பத்தாம் வகுப்புப் பையனையும் ஐம்பது வயதுக்காரரையும் ஒரே தராசில் நிறுத்தல் தகாது.

"முன்னாளில் சர்க்காரே கஞ்சாக் கடை நடத்தியதே, சாமியார்கள் எல்லாம் குடித்தார்களே" என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. கஞ்சா, அபினி ஆகியவற்றின் விற்பனை வெள்ளையர் ஆட்சியில் உரிமம் பெற்ற கடைகளில் நடந்தது, வரியும் வந்தது. 1893-94-இல் அமர்த்தப்பட்ட விசாரணைக் கமிஷன் 1,193 பேரிடம் சாட்சியம் பெற்று, ஏழு தொகுதிகளில் அறிக்கை அளித்தது. சென்னை மாகாணத்தில் கிருஷ்ணா ஜில்லாவின் சந்தராவூர்ப் பகுதியிலும் வட ஆற்காட்டு ஜவ்வாது மலையிலும் நடைபெற்ற கஞ்சாப் பயிர் அவ்விசாரணையில் இடம்பெற்றது. அளவோடு பயன்படுத்துவதால் பெருந்தீங்கு இல்லை, மிகுதியாகப் பயன்படுத்துவதே தீங்கு, ஆகவே அடியோடு தடுப்பதைவிட வரியாலும் உரிமத்தாலும் கட்டுப்படுத்துவதே தக்கது என்பது அதன் முடிவு. இவ்வறிக்கையை இன்று எடுத்துக் காட்டுவோர், அது மேற்கூறிய மூளை ஆராய்ச்சிகளுக்கெல்லாம் பல பத்தாண்டுகள் முற்பட்டது என்பதைச் சொல்வதில்லை. அதே அறிக்கை மிகுதிப் பயனின் கேட்டை ஒப்புக்கொண்டதையும் சொல்வதில்லை.

சித்த மருத்துவத்தில் கஞ்சா சேர்ந்த மருந்துகள் உண்டென்பதும் மெய்யே. 1964-இல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி தோன்றிய நம் ஜில்லாவில் இதை மறைப்பானேன்? ஆனால் மருந்துச் சட்ட விதிகள் கஞ்சாவை நஞ்சுப் பொருள்களின் அட்டவணையில் வைத்துள்ளன. சுத்தி செய்து, பிற சரக்குக்களோடு சேர்த்து, உரிமம் பெற்றவர் தயாரித்து, வைத்தியரின் மேற்பார்வையில் அளவறிந்து கொடுப்பது மருந்து. சந்து முனையில் பொட்டலமாக வாங்குவதை அதனோடு ஒப்பிடல் ஆகாது.

உலக நாடுகள் 1961-இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, மருத்துவமும் விஞ்ஞானமும் தவிர்ந்த கஞ்சாப் பயனை 25 ஆண்டுகளுக்குள் நிறுத்திவிட வேண்டும் என ஏற்பட்டது. அதையொட்டி நம் பாராளுமன்றம் இயற்றிய போதைப் பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் 1985 நவம்பர் 14 முதல் அமுலில் உள்ளது. 2020 டிசம்பர் 2-இல் ஐக்கிய நாடுகள் குழுவில் மிகக் கடுமையான அட்டவணையிலிருந்து கஞ்சாவை நீக்க 27 நாடுகளும், எதிராக 25 நாடுகளும் வாக்களித்தன. இந்தியா நீக்குவதற்கு ஆதரவாக வாக்களித்தது. மருத்துவ ஆராய்ச்சிக்கு வழி திறப்பதே அதன் கருத்து. நம் நாட்டில் கஞ்சா அனுமதிக்கப்பட்டுவிட்டது என்று இதற்குப் பொருளன்று. 1985-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படியே இருக்கிறது.

உருகுவே 2013-லும், கனடா 2018-லும், ஜெர்மனி 2024-லும் வரையறைகளோடு அனுமதித்தன. ஆனால் நம் பையன்கள் பிழைப்புக்குப் போகும் நாடுகள் அவை மட்டும் அல்லவே. சிங்கப்பூரில் 500 கிராமுக்கு மேற்பட்ட கஞ்சாவைக் கடத்தினால் மரண தண்டனை. 2023 ஏப்ரல் 26-இல், 1,017.9 கிராம் கஞ்சாக் கடத்தலுக்கு உடந்தையாயிருந்தார் என்ற வழக்கில் ஒரு தமிழர் அங்கே தூக்கிலிடப்பட்டார். வெளிநாடு செல்லும் மகனிடம், பிறர் கொடுக்கும் பொட்டலத்தைத் திறந்து பாராமல் பெட்டியில் வைக்கலாகாது என்று சொல்லாத தாய் தந்தையர் இருத்தல் கூடாது.

நம் நாட்டுத் தண்டனை எடையைப் பொறுத்தது. கஞ்சா ஒரு கிலோ வரை 'சிறு அளவு'. 20 கிலோவுக்கு மேற்பட்டது 'வணிக அளவு'. சரஸுக்கு இவ்வெல்லைகள் முறையே 100 கிராமும் ஒரு கிலோவும் ஆகும். சிறு அளவு வைத்திருந்தால் ஓராண்டு வரை கடுங்காவலோ, ரூ. 10,000 வரை அபராதமோ, இரண்டுமோ. இடைப்பட்ட அளவுக்குப் பத்தாண்டு வரை கடுங்காவலும் ரூ. 1 லட்சம் வரை அபராதமும். வணிக அளவுக்குப் பத்தாண்டுக்குக் குறையாமல் இருபதாண்டு வரை கடுங்காவலும், ரூ. 1 லட்சத்துக்குக் குறையாத அபராதமும். ஜாமீனும் எளிதில் கிடைக்காது. செடி வளர்ப்பதற்குப் பத்தாண்டு வரை. கஞ்சாவைப் பயன்படுத்தியதற்கு மட்டும் ஆறு மாதம் வரை சிறையோ, ரூ. 10,000 வரை அபராதமோ, இரண்டுமோ. பூங்கொத்து சேராத தனி இலை மத்தியச் சட்டத்தின் கஞ்சா என்ற சொல்லில் அடங்காது. ஆனால் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் மதுவோடு போதை மருந்துகளையும் தடுப்பதால், "இலைதானே" என்ற வாதத்தை நம்பித் தமிழ்நாட்டில் எவரும் துணிய வேண்டாம்.

சங்க அங்கத்தினர்கள் தாம் தொடாமலிருந்தாலும் அவர்களைப் பற்றக்கூடிய ஷரத்துக்கள் சில உண்டு. இவற்றைப் பலரும் அறியார்.

நிலத்தில் எவரேனும் கள்ளத்தனமாகக் கஞ்சா வளர்ப்பது தெரிந்தால், நில உடைமையாளர் உடனே அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 46-ஆம் பிரிவு. தெரிந்தும் தெரிவியாதிருத்தல் தண்டனைக்குரியது. ஊர்ப் பஞ்சாயத்தாருக்கும் கிராம அதிகாரிகளுக்கும் இக்கடமை 47-ஆம் பிரிவால் உண்டு. வாழைத்தோட்டத்தையும் மலையடிவாரப் புஞ்சையையும் குத்தகைக்கு விட்டு ஆண்டுக்கொருமுறை மட்டும் எட்டிப் பார்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வீடு, கிடங்கு, வண்டி ஆகியவற்றை இக்குற்றத்துக்குப் பயன்படுத்தத் தெரிந்தே இடங்கொடுத்தவருக்கு, குற்றம் செய்தவருக்குரிய தண்டனையே 25-ஆம் பிரிவின்படி கிடைக்கும். சரக்கு ஏற்றிய வண்டி பறிமுதலுக்கு உள்ளாகும். தமக்கும், தம் முகவருக்கும், வண்டியைப் பொறுப்பில் வைத்திருந்தவருக்கும் தெரியாது என்பதோடு, ஒவ்வொருவரும் தக்க முன்னெச்சரிக்கைகள் எல்லாம் எடுத்திருந்தனர் என்பதையும் உடைமையாளரே மெய்ப்பிக்க வேண்டும். சாதாரணக் குற்ற வழக்குகளில் சர்க்கார் தரப்பு மெய்ப்பிக்க வேண்டிய குற்ற எண்ணத்தையும் இச்சட்டத்தில் நீதிமன்றம் இருப்பதாகவே முதலில் கொள்ளும். இல்லை என்று காட்டுவது குற்றம் சாட்டப்பட்டவர் பொறுப்பு.

ஆகவே துணிச் சிப்பங்களையும் விளைபொருள்களையும் லாரியில் அனுப்பும் சங்கங்கள், 'தக்க முன்னெச்சரிக்கை' என்பது வாய்ச்சொல்லால் ஆவதன்று என உணர வேண்டும். ஒவ்வொரு சிப்பத்துக்கும் எண்; கட்டியவர், எடை பார்த்தவர் கையொப்பம்; முத்திரை; வண்டி புறப்பட்ட நேரமும் சேர்ந்த நேரமும் குறித்த பதிவேடு; சங்கச் சரக்கல்லாத எப்பொட்டலத்தையும் ஏற்றலாகாது என்று ஓட்டுநருக்கு எழுத்து மூலமான உத்தரவு. இவை நம் தணிக்கை விதிகள் எப்போதும் கேட்பவைதாம். வீரவநல்லூரில் கட்டிய சேலைச் சிப்பத்துக்கும் பத்தமடைப் பாய்க் கட்டுக்கும் இவ்விதி ஒன்றே. வழியில் கை காட்டியவரின் மூட்டையை ஏற்றிக்கொள்வது பழைய நாளில் உபகாரம். இன்று அதனால் சங்கம் லாரியை இழக்க நேரும்.

பெரிய வழக்குகளில் தண்டனை பெற்றவரின் முறைகேடான சொத்துக்களை முடக்கிப் பறிக்கவும் சட்டத்தில் ஒரு தனி அத்தியாயம் உண்டு. அது உறவினர் பேரில் வைத்த சொத்தையும் தொடரும். மருமகனின் பணத்தைத் தம் சேமிப்புக் கணக்கில் "சில நாளைக்கு" வாங்கி வைக்கும் மாமனார் இதை நினைவில் கொள்க.

பதினெட்டு வயது நிறையாத சிறுவருக்குப் போதைப் பொருள் கொடுப்பவருக்கும், விற்கவோ எடுத்துச் செல்லவோ சிறுவரைப் பயன்படுத்துபவருக்கும் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி ஏழாண்டு வரை கடுங்காவலும், ரூ. 1 லட்சம் வரை அபராதமும் உண்டு.

இவ்வளவையும் படித்த தந்தை ஒருவருக்கு எழும் அச்சம் எனக்குத் தெரியும். "மகனை வைத்தியரிடம் கூட்டிப் போனால் போலீஸுக்குப் போய்விடுமே, பேசாமல் வீட்டில் கட்டி வைத்துத் திருத்திவிடலாம்" என்பதே அது. இத்தவறான எண்ணத்தால் எத்தனையோ குடும்பங்கள் காலத்தை வீணாக்கி, நோய் முற்றிய பின் வருகின்றன. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம், போதைப் பழக்கத்தோடு சேர்ந்த மனநிலைகளையும் நோயாகவே கொள்கிறது. நோயாளியைப் பற்றிய செய்திகளை இரகசியமாகக் காக்க வேண்டுமென்றும் விதிக்கிறது. வழக்கே வந்துவிட்டாலுங்கூட, பயன்படுத்தியதாகவோ சிறு அளவு வைத்திருந்ததாகவோ குற்றம் சாட்டப்பட்ட அடிமையானவர், சர்க்கார் நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவ நிலையத்தில் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால், 64-ஏ பிரிவின்படி வழக்கிலிருந்து விலக்கு உண்டு. சிகிச்சையை இடையில் விட்டுவிட்டால் அவ்விலக்கைத் திரும்பப் பெறலாம். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டவரையும் உடனே தண்டியாமல், அவர் சம்மதத்தோடு சிகிச்சைக்கு அனுப்ப 39-ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு இடம் தருகிறது. விற்பவருக்கும் கடத்துபவருக்கும் இச்சலுகை கிடையாது.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டிலுள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. கஞ்சாப் பழக்கத்தை நிறுத்தவென்றே தனி மாத்திரை எதுவும் இதுவரை ஏற்கப்படவில்லை. ஆதலால் உறக்கமின்மைக்கும் பதற்றத்துக்கும் தற்காலிக மருந்தும், தொடர்ந்த உரையாடலும், குடும்பத்தாரின் ஒத்துழைப்புமே சிகிச்சையாகும். முதல் இரண்டு வாரம் கடினமானது. அந்நாட்களில் ஏசுவதும் அடிப்பதும் பயன் தாரா. இல்லாத குரல் கேட்கிறது, எல்லோரும் தனக்கெதிராகச் சதி செய்கின்றனர் என்று பையன் பேசத் தொடங்கினால் ஒரு நாளும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்க. மந்திரவாதியிடம் போய்விட்டுப் பிறகு வரலாம் என்று எண்ண வேண்டாம்.

நேரில் செல்லத் தயங்குவோர் முதலில் தொலைபேசியில் கேட்கலாம். போதைப் பழக்கத்துக்கு ஆலோசனை கூறும் தேசிய இலவச எண் 14446. விற்பனை பற்றிய தகவலைப் பெயர் கூறாமல் தெரிவிக்க 1933. இவ்விரண்டு எண்களையும் சங்க அலுவலகப் பலகையில், நூல் விலைக்கும் விதை விலைக்கும் பக்கத்தில், எழுதி வைக்குமாறு செயலாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.